கரண்டிக்காரியின் மூக்கு

எனக்குச் சாப்பாட்டில் பெரிய ஆசை கிடையாது. எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற ஆள். ஆனால் சாப்பாட்டைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் விடமாட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவ வேண்டாமே, படிக்க நன்றாக இருந்தால் போதாதா என்பது என் கட்சி. மதிய இடைவேளையில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, யாரோ ஒருத்தி எங்கேயோ வெண்ணெய் உருக்குவதைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருப்பேன். வாயில் இருப்பது என்னவென்றே தெரியாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வீட்டுச் சாதனங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். மிக்ஸி, குக்கர், எரிவாயு அடுப்பு. 'ஈரக் கையுடன் தொடாதீர்கள்' எல்லாம் என் கைவண்ணம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது என் எழுத்துதான். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

எத்தனையோ வலைப்பூக்கள் படித்தேன், ஒன்றுதான் மனதில் நின்றது. எழுதியவள் தன்னைக் கரண்டிக்காரி என்று சொல்லிக்கொண்டாள். மற்றவர்கள் அளவு சொல்வார்கள், இவள் வாசனை சொல்வாள். பூண்டு வதங்கும்போது முதலில் சண்டைக்கு வரும், பிறகு தானே சமாதானமாகும், அந்த நேரம் பார்த்துத் தீயைக் குறைத்துவிட வேண்டும் என்று ஒரு முறை எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். பின்னூட்டம் போட்டேன், பதில் வந்தது. பிறகு சந்தித்தோம், கல்யாணமும் ஆயிற்று. நான் ஆசைப்பட்டது கரண்டிக்காரியை. கிடைத்தது குறட்டை விடுகிற, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற ஒரு மனைவி. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் முதல் பந்தி கேமராவுக்குத்தான். படத்தில் ஆவி நேராக எழ வேண்டும் என்பதற்காக மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்வை வழிய நின்று படமெடுப்பாள். எல்லாம் முடிந்து என் தட்டுக்கு வரும்போது ஆறின கஞ்சி பழங்கஞ்சி கதைதான். ஆனால் மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைப் படிக்கும்போது சுடச்சுட இருக்கும்.

பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வாசல்வரை தீய்ந்த நாற்றம். உள்ளே பால் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருக்கிறது, இவள் அதன் பக்கத்திலேயே நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பூண்டு உரிக்கிறாள். நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவள் பாத்திரத்தைத் தூக்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு எதுவுமே வரலைங்க. வெறும் காத்துதான் வருது."

போன மோப்பம் திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். வரவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து நான்தான் முகர்ந்தேன். முகர்ந்ததை அவள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்வேன், அவள் அதைக் கேட்டு எழுதுவாள். என்னை மூக்கு என்று கூப்பிட ஆரம்பித்தாள். எழுத்து முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று வாசகர்கள் எழுதினார்கள். அந்தப் பாராட்டெல்லாம் உண்மையில் யாருக்குச் சேர வேண்டியது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

எரிவாயு அடுப்புக்கு நான் எழுதிய கையேட்டை அவள் எங்கிருந்தோ தேடி எடுத்து முழுதாகப் படித்தாள். என் எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த ஒரே ஆள் அவள்தான். எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றம் சேர்க்கிறார்கள் என்று அதில் இருக்கும். அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் அவள் அடுப்பைத் தொட்டதில்லை.

"மூக்கு, ஏதாவது வருதா?"

"ஒண்ணுமில்ல."

நான் அதைச் சொன்ன பிறகுதான் தீக்குச்சியை உரசுவாள். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் பச்சையாகவே எதையாவது கடித்துக்கொள்வாள். அவ்வளவு பயம்.

போன மாதம் மச்சினி வந்திருந்தபோது, துணிகளை அடுக்கியபடியே என் மனைவி சாதாரணமாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"போதும்டீ, என்னால முடியல. எனக்கு மூக்கு போயிடுச்சுன்னு எழுதிடப் போறேன். இத்தனை நாளா மோந்ததெல்லாம் உங்க மாமாதான்னு சொல்லிடறேன். இனிமே அவரே எழுதட்டும்."

"பாருங்க மாமா, கடைசில உங்க பேரு வெளிய வரப் போகுது," என்று மச்சினி சிரித்தாள்.

"படிக்கிறவங்க ஏமாந்த மாதிரி ஆயிடாதா?" என்றேன்.

"ஏமாத்தினதுதானேங்க. சொல்லிட்டா மனசு லேசாயிடும்."

அவள் மனசு லேசாகிவிடும். சரி. என் கணக்கு என்ன ஆவது? நான் யாரைப் படிப்பது? மூக்கில்லாத கரண்டிக்காரியை யார் நம்புவார்கள்? பழைய பதிவுகளைக்கூட இனி ஒரு சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். அத்தனை வருஷம் நான் ஆசை ஆசையாய்ப் படித்த ஒருத்தியை இவள் ஒரே பதிவில் கொன்றுபோடப் போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். என் பெயரைப் போடுவாளாம். கையேடு எழுதுகிறவன் பெயர் யாருக்கு வேண்டும்?

அந்தப் பதிவுக்குப் பொங்கும் பாலைப் படமெடுக்க வேண்டும் என்றாள். தான் தவறவிட்ட முதல் வாசனை அதுதான் என்று எழுதப் போகிறாளாம். படமெடுக்கிற அன்று காலை முதலில், வேறொரு பதிவுக்காக எலுமிச்சைத் தோலைக் கிள்ளி முகர்ந்து பேசிக் கொடுத்தேன். பிறகு சமையலறைக்குள் போனேன். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கேமராவை முக்காலியில் நிறுத்தி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். உள்ளே கால் வைத்ததுமே எனக்கு வந்துவிட்டது. நான் எதையும் கழற்றவில்லை, திருகவில்லை. ரப்பர் குழாய் தானாகத்தான் விரிசல் விட்டிருந்தது. உங்கள் அறிக்கையில் அதைச் சரியாகவே போட்டிருக்கிறீர்கள்.

"மூக்கு, ஏதாவது வருதா?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

எலுமிச்சை வாங்கி வருவதாகச் சொல்லிப் பையை எடுத்தேன். வீட்டில் எலுமிச்சை இருந்தது.

"சீக்கிரம் வந்துடுங்க. இன்னிக்கு உங்களுக்குத் தனியா ஒரு டம்ளர் எடுத்து வெக்கறேன், சூடாவே குடிக்கலாம்," என்றாள்.

தெருமுனையைத் தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது.

சளி பிடித்திருந்தது, எனக்கு எதுவும் தெரியவில்லை என்று முதலில் சொன்னேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் படிக்கட்டிலேயே நாற்றம் வந்ததாம். "அக்கா உங்களைக் கேக்காம பத்த வெக்க மாட்டாளே மாமா," என்று மச்சினி மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அதற்கும் சளியையே சொன்னேன். பிறகு நீங்கள் கூடத்தில் கிடந்த அவள் கைப்பேசியைக் கொண்டுவந்து அன்று காலை நான் பேசியதைப் போட்டுக் காட்டினீர்கள். தோலின் பச்சை நெடி, அதற்கடியில் லேசான கசப்பு, நகத்தில் தங்கிவிடும் எண்ணெய் என்று என் குரல் சொல்லிக்கொண்டே போகிறது.

"சளியோடதான் இவ்வளவு நுணுக்கமா மோந்தீங்களா, இல்ல சும்மா அளந்து விட்டீங்களா?" என்று கேட்டீர்கள்.

அளந்து விட்டேன் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நீங்களே எனக்கு வழி விட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் கரண்டிக்காரியின் எழுத்தில் முகராமல் எழுதிய வாசனை ஒன்றுகூடக் கிடையாது. அதில் பொய் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதித் தருகிறேன்.

வலைப்பூவை நான் நிறுத்தவில்லை. அவள் போன பிறகு அவள் பெயரிலேயே ஒரு பதிவு போட்டேன். சொற்கள் எல்லாம் என்னுடையவைதானே, சிரமம் இருக்காது என்று நினைத்தேன். 'பூண்டை நடுத்தர வெப்பத்தில் வதக்கவும். கருகாமல் கவனிக்கவும்' என்று வந்தது. திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் வந்தது. கரண்டிக்காரிக்கு உடம்பு சரியில்லையா என்று ஒரு வாசகி கேட்டிருந்தாள். இன்னும் பதில் போடவில்லை. துக்கத்தில் இருப்பவனுக்கு எழுத்து ஓடாது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

கடைசியாக, அன்று சமையலறையில் என்ன வாசனை வந்தது என்பதையும் எழுதச் சொன்னீர்கள். வெகுநேரமாக இந்தத் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். அழுகின முட்டைக்கோஸ் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. அவளிடம் சொல்லியிருந்தால் நன்றாக எழுதியிருப்பாள்.