முதலில் இறங்கு, பிறகு குதி

இந்திய விளையாட்டு வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படும் நாளில் அதன் முதல் வரியில் என் பெயர் இருக்கும். தென்கேரளத்தில் ஐஸ் நடனத்தை நிறுவியவன் நான். ஐஸ் மட்டும் கிடைக்கவில்லை. இந்த ஊரில் ஐஸ் இருப்பது மீன்கூடையிலும் சர்பத் கடையிலும்தான். ஆகவே கரமனையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொசைக் தரையில், முகூர்த்தமில்லாத நாட்களில், சக்கரம் வைத்த ஷூக்களோடு தொடங்கினோம்.

என் பெயர் ராமசுப்ரமணியன். அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எங்கள் ஐஸ் நடனச் சங்கத்தின் நிறுவனர், செயலாளர், தலைமைப் பயிற்சியாளர். நான் ஒருநாளும் ஸ்கேட் செய்ததில்லை. பயிற்சியாளர் ஸ்கேட் செய்யத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்று எங்கள் விதிகளில் எங்கும் இல்லை. விதிகளை எழுதியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கேட்டதால் முறையாகவே சொல்கிறேன். என் அக்கா பிள்ளை ஹரிஷங்கருக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. 2003இல் கம்பெனி அவனை ஆறு மாதம் ஒசாகாவுக்கு அனுப்பியது. திரும்பும்போது என் மகள் ஸ்மிதாவுக்கு ஒரு ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் வாங்கிவந்தான். பள்ளிக்கூடப் பெண்கள் ஐஸில் சறுக்கி ஆடக் கற்றுக்கொள்கிற கதை. எங்களில் யாருக்கும் ஜப்பான் மொழி தெரியாது. படங்களே போதுமாக இருந்தன. கை எங்கே, கால் எங்கே, முட்டி எவ்வளவு மடங்கவேண்டும் என்று ஒன்றையும் ஒளிக்காமல் வரைந்திருந்தார்கள். பக்கங்களைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, பாடத்திட்டமாக மண்டபச் சுவரில் ஒட்டினேன்.

கதையும் உயர்ந்த கதை. தொடக்கத்தில் ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தோடு அழுகிறாள். அப்புறம் மெல்ல மெல்ல விழ ஆரம்பிக்கிறாள். முடிவில் சீருடையும் புத்தகப் பையுமாக, சறுக்கு மைதானத்தின் கண்ணாடிக்கு வெளியே அடக்கமாக நிற்கிறாள். வெற்றியின் நிலையாமையை இத்தனை நயமாக நம்மவர்கள் சொன்னதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன்.

குதிப்பதையும் படத்தில் உள்ளபடியேதான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் ஒற்றைக் காலில் பின்பக்கமாக இறங்கவேண்டும். அடுத்து காற்றில் சுழலவேண்டும். கடைசியில் முட்டியை மடக்கவேண்டும். பதினோரு பெண்களும் விழுந்தார்கள். புதிய கலைகளில் இது சகஜம்.

சில வாரங்களில் ஒருத்தி மட்டும் விழுவதை நிறுத்திக்கொண்டாள். பெயர் ஜெபமலர், வயது பதினான்கு. அப்பா யோசுவா மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். எங்கள் மண்டபத் தரையும் அவர் வேலைதான். ஜெபமலர் முட்டியை முதலில் மடக்கினாள். பிறகு குதித்தாள். பிறகு இறங்கினாள். பாடத்திட்டத்தை இவ்வளவு வெளிப்படையாக மீறியவர் வேறு யாருமில்லை. இரண்டு முறை எழுத்துமூலம் எச்சரித்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு மறுபடியும் அப்படியே குதித்தாள்.

2004 நவம்பரில் தேசிய ரோலர் ஸ்கேட்டிங் போட்டிக்கான தேர்வை எங்கள் மண்டபத்திலேயே வைத்தார்கள். மாநிலத்திலிருந்து ஒரே ஒரு பெண் போகலாம். அந்த இடம் யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். யோசுவா மகளுக்கு ரயில் பயணத்துக்கென்று பெட்டிகூட வாங்கிவிட்டார். பிறகு நடந்ததற்கு என் மகள் இரண்டாவதாக இருந்ததுதான் காரணம் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது அவதூறு. ஸ்மிதா ஒன்பதாவதாக இருந்தாள்.

ஸ்கேட்டுகள் சங்கத்துடையவை. ஸ்டோர் அறைச் சாவி என்னிடம். ஷூவின் முன்பக்கம் ஒரு ரப்பர் கட்டை உண்டு. குதிக்கும்போது அதைத் தரையில் ஊன்றித்தான் எழும்புவார்கள். தேர்வன்று காலை, ஜெபமலரின் வலது ஷூவில் அந்தக் கட்டையைப் பிடித்திருக்கும் திருகை ஸ்பேனரால் தளர்த்தினேன். ஒரு சின்னத் தடுமாற்றம், அரை மதிப்பெண் குறைவு, கொஞ்சம் அடக்கம். என் நோக்கம் அவ்வளவே. மூன்று சுற்று போதுமென்று பட்டது. ஐந்து சுற்றினேன்.

இரண்டாவது குதிப்பில் கட்டை கழன்றது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவளிடம் முதலில் ஓடியவன் நான். ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கட்டையைத் திரும்ப முடுக்கிவைத்தேன். சங்கச் சொத்து. இப்போது அவள் நடக்கிறாள். படியேறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள்.

விபத்து அறிக்கை எழுதுவது செயலாளரின் கடமை. ‘தரை அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டிருந்தது’ என்று எழுதினேன். மண்டபக்காரர்கள் யோசுவாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேள்விப்பட்டு மற்றவர்களும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தப்பு எனக்கதுதான் சாரே. பிள்ள ஓடுத தரையாச்சேன்னு ரெண்டு கை கூடுதலா பாலிஷ் போட்டேன். அதுலதான் வழுக்கிட்டா.”

“போனது போகட்டும் யோசுவா. இனிமே பாத்துச் செய்யுங்கோ.”

“அவளுக்க மொகத்த பாக்க முடியல்ல சாரே.”

அவரை மன்னித்தேன். காபியும் கொடுத்தேன், பேப்பர் கப்பில். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது ஜெபமலர் உங்களுக்கு மனு எழுதியிருக்கிறாள். அதில் என் பெயர் இல்லை. தேசியப் போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அப்பா போட்ட தரையில் பிழையில்லை, ஆள் வைத்துப் பரிசோதிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். தரையைப் பெயர்த்துப் பார்க்கப்போவதாக அறிகிறேன். அது வீண் வேலை. தரை நன்றாக இருந்தது. திருகைத் தளர்த்தியது நான். பொய் அறிக்கை எழுதியதும் நான்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒழுங்குதான் காரணம். ஒருத்தி பாடத்திட்டத்தை மீறிக்கொண்டே ஜெயித்தால் மற்ற பத்துப் பேருக்கு எதைச் சொல்லி விழவைப்பது?

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு நடந்த ஆண்டு விழாவை இதோடு முடிச்சுப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று வார்டு கவுன்சிலர் வந்திருந்தார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் குச்சியோடு சுவர்ப் படங்களை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஜெபமலர் கையைத் தூக்கினாள்.

“சாரே, ஜப்பான்காரங்க புஸ்தகத்த வலப்பக்கத்தேந்துல்லா வாயிக்கணும். இவ முதல்ல குதிக்கா, பிறகுதான் எறங்குகா. நாம எறங்கிட்டுல்லா குதிக்கோம்.”

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல்ல. திருப்பிப் பாத்தேன், சரியாட்டு வந்து. கதையும் அப்படித்தான் சாரே. கண்ணாடிக்கு வெளிய நிக்கது முதல்ல. மெடலு கடேசிலயாக்கும்.”

கவுன்சிலர் என்னைப் பார்த்தார். “அப்போ சாரே, ஒரு வருஷமாயிட்டு குட்டிகள் ரிவர்ஸிலா?”

மண்டபம் சிரித்தது. நானும் புன்னகைத்தேன். அவளுக்கு நன்றிகூடச் சொன்னேன். பாடத்திட்டம் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதால் மாற்றவில்லை. பொதுவாழ்வில் இருப்பவன் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அன்று யார் யார் சிரித்தார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை.

முதலில் சிரித்தது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாவித்ரி. என் மனைவி.