சத்தம் போடாத மேசை

...அதான் சொல்றேன் தம்பி, சண்டை போட்டாக்கூடத் தாங்கிக்கலாம், இந்த அமைதியத் தாங்க முடியல. உட்காருங்க, மழை இப்போ விடாது. உங்க ஐஸ் பையத் திரும்ப உள்ள வெச்சுடறேன். நீங்க மாடி வீட்டுக்குப் புதுசு. என்னோட இந்த ரதாமெஸ் கடை முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் ஆச்சுன்னா அந்த மேசையில நாலு பேரு டாமினோ ஆடுவாங்க. கட்டைய ஓங்கி அடிச்சா மாதா கோயில் வரைக்கும் கேக்கும். இப்போ பாருங்க. அதே மேசை, அதே ஆளுங்க, ஆளுக்கொரு போனு. போன வாரம் பாதிரியார் எட்டிப் பாத்துட்டு, யாரு தவறிட்டாங்கன்னு கேட்டாரு.

அப்படி என்ன பாக்கறாங்களா? பழம். போனுல ஒரு ஆட்டம், மூணு மாம்பழம் வரிசையா வந்தா மறைஞ்சுடும். மறைஞ்சப்புறம்... வேற மாம்பழம் வரும். அவ்வளவுதான். போனுல எதையும் இறக்கி வெச்சுக்கக்கூட வேணாமாம், இன்டர்நெட்டுல அந்தப் பக்கத்தத் திறந்தா போதுமாம். சின்னப் பசங்ககூட ஆடலாமாம். ஆடட்டுமே, நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா எலிஹியோன்னு ஒருத்தரு, பேரன் பேத்தி எடுத்தவரு, அவருமா? இன்டர்நெட்டு வேற என்னோடது. கூட்டம் வரட்டும்னு நான்தான் போட்டேன்.

அந்த ஓரத்துல, சிவப்புத் தொப்பி. அவருதான் எலிஹியோ. என் கொம்பாத்ரே. எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன். அவ ஞானஸ்நானத்துலேர்ந்து டாமினோவுல எனக்கு அவருதான் ஜோடி. இப்போ பீர் வேணும்னாக்கூட விரலத்தான் காட்டறாரு.

சரி, மழை விடற வரைக்கும் நாம ஒரு ஆட்டம் போடுவமா? தெரியாதா? ரொம்ப லேசு. கட்டையில இருக்கற புள்ளிய எண்ணி, நாலுக்குப் பக்கத்துல நாலு, ஆறுக்குப் பக்கத்துல ஆறு. இந்தாங்க, உங்க கட்டைங்க. எனக்குக் காட்டாதீங்க... காட்டாதீங்கன்னேன்ல.

நான் அவருகிட்டயே கேட்டுட்டேன் தம்பி. கொம்பாத்ரே, அந்தப் பழத்துல என்னதான் இருக்குன்னு. தலையத் தூக்காம சொல்றாரு: "நான் தப்பாப் போட்டா இது 'கிட்டத்தட்ட வந்துட்டீங்க, இன்னொரு தடவை பாருங்க'ன்னு சொல்லுது." மறுபடி பழத்தத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு. நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? அன்னிக்குக் கடைசியா ஆடினப்போ, கையில ரெட்டை ஆறு கட்டைய வெச்சுக்கிட்டு உட்காந்திருக்கேன், அதப் போட முடியாதபடி என் ஜோடியே ஆறு வர்ற பக்கத்த அடைக்கிறாரு. கழுதைன்னேன். டாமினோ மேசையில வேற என்ன சொல்லுவாங்க? அவரு பேத்தி பின்னாடி நின்னுது, அது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

கடையில ஆள் இல்லாதப்போ நானும் அந்தப் பழத்தத் திறந்து பாத்தேன். தோத்துட்டேன். எனக்கும் அதையேதான் சொல்லிச்சு. கிட்டத்தட்ட வந்துட்டீங்களாம். யாரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல தம்பி. ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவரு இல்லாம எனக்கு சாயங்காலமே ஓட மாட்டேங்குது, அதான் விஷயம். மறுபடி டாமினோ ஆட வந்தாருன்னா நானும் அப்படித்தான் பேசப்போறேன்.

போடுங்க, உங்க முறை. ம்ம்... அஞ்சுக்குப் பக்கத்துல மூணு வராது. பரவாயில்ல. கிட்டத்தட்ட வந்துட்டீங்க, இன்னொரு தடவை பாருங்க.

பாத்தீங்களா, எனக்கும் அப்படிப் பேச வருது! அவரு காதுல விழுந்திருக்கும்... தொப்பி லேசா நிமிருது. திரும்பிப் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்கு ஆடுங்க, சத்தமாச் சொல்றேன். போடுங்க.

அது எப்படிங்க... அஞ்சு கையில இருக்கு, எனக்கே இங்கேர்ந்து தெரியுது, அத விட்டுட்டு மறுபடி அதே மூணையா வெக்கிறீங்க... கழுதை!

இல்ல இல்ல, உங்களச் சொல்லல. பொதுவா. தம்பி, எங்க கிளம்பிட்டீங்க, மழை கொட்டுது... ஐஸ விட்டுட்டுப் போறீங்களே...

நனைஞ்சுக்கிட்டே போயிட்டாரு.

எலிஹியோ முழுசா நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. இப்போ மறுபடி குனிஞ்சுட்டாரு.

கிட்டத்தட்ட வந்துட்டேன்.