வைரஸுக்குச் சாயம் ஏறல்ல

...இல்லக்கா, நீங்களே சொல்லுங்க. நாலு மாசமா ஒரு வைரஸுக்குச் சாயம் ஏறல்லன்னா யாருக்க குத்தம்? எனக்க குத்தமா? அந்த ஞானசெல்விக்க குத்தம்! லேப்ல எனக்குக் கீழ வேல பாக்குத பிள்ள. இன்னைக்குப் பத்து மணிக்கு சாரு அவள வீட்டுக்குப் போகச் சொல்லப்போறாரு. நான்தான் பறஞ்சேன், சாரே, இவ கைய வச்சா எதுவும் வெளங்காதுன்னு...

ஏன் தள்ளிப் போறிய? குழித்துறையில ஏறும்போ ஒட்டித்தானே இருந்திய! பயப்படாதிய, அது செத்த வைரஸ். கொன்னுதான் எங்க கையில தருவாவ. பன்னிக்காய்ச்சல் வந்ததுல இருந்து, லேப்ல வேலன்னு சொன்னா ரயில்ல தாராளமா எடம் கிடைக்குது. அது ஒண்ணுதான் லாபம்.

என்ன வேலயா? நீங்க இந்த ஓலப்பெட்டிக்குச் சாயம் முக்குகிய இல்லியா, அதேதான். வைரஸுக்க மேல முள்ளு முள்ளா புரோட்டீன் நிக்கும். அதுல அமீன்னு ஒண்ணு உண்டு. எங்க சாயம் இருக்கே, அமீனக் கண்டா போரும், போய்க் கட்டிப்பிடிச்சுக்கிடும். ஒட்டாத சாயத்த வடிகட்டிக் களஞ்சா, மைக்ராஸ்கோப்புல மாதா கோயில் திருவிழா கணக்கா பச்சப்பச்சயா மின்னணும். எங்களுக்கோ... கரண்டு போன களியக்காவிளை!

சாயத்த வெளிச்சத்துல வச்சுக் கெடுத்திருப்பா. வேற என்ன? அவளுக்க எழுத்தே கோழி கிண்டுன மாதிரி. நான் கான்வென்டுல படிச்சவ. ஸிஸ்டர் ஸ்கேலால முட்டியில அடிச்சுப் படிப்பிச்ச எழுத்து, ஒண்ணு போல சாஞ்சு நிக்கும். லேப்ல அத்தன பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் எழுதுனது நான்தான்.

என்ன கேட்டிய? சட்டியில வேற எதாவது கெடந்து சாயத்தக் குடிச்சிருக்குமான்னா? நல்ல ஆளுதான்! அக்கா, இது லேப். வைரஸ், சாயம், ரெண்டும் கெடக்க ஒரு உப்புத்தண்ணி. அவ்வளவுதான். பாஸ்பேட் தண்ணி. அது ஜூன்ல தீந்துபோச்சு. எனக்க மோளுக்கு அன்னைக்குப் பனி, ஒடம்பு கொதிக்குதுன்னு போன் மேல போன். எனக்குப் பயத்துல கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. புதுசா கலக்க எங்க நேரம்? அலமாரியில டிரிஸ்னு வேற ஒரு தண்ணி கெடந்து. அதும் இதும் ஒண்ணுதானேன்னு பாஸ்பேட்டுக்க பெரிய பாட்டில்ல ஊத்தி...

டிரிஸ்.

அக்கா... டிரிஸ்ல அமீன் உண்டு. தண்ணி முழுக்க அமீன்! சாயம் வைரஸுக்குக் கிட்டயே போயிருக்காது. நாலு மாசமா தண்ணிக்குச் சாயம் முக்கி, அந்தத் தண்ணிய வடிச்சு ஊத்திட்டு, வைரஸ் மின்னல்லன்னு அந்தப் பிள்ளைய...

பேசாம பாட்டில அலம்பி வச்சிட்டா யாருக்குத் தெரியும்? அப்பிடிப் பாக்காதிய. எனக்கும் ஒரு கொச்சு இருக்கு, வேல போனா நான் என்ன செய்ய? ...நெய்யாற்றின்கரை ஆச்சா? எறங்குகியளா? ஒரு வார்த்த சொல்லிட்டாவது போங்கக்கா! ...போயிட்டாவ.

ஹலோ... ஏட்டி செல்வி, சாருக்க ரூமுக்குப் போயிட்டியா? போகாத. நான் வந்து பேசுகேன். அந்தப் பெரிய பாட்டில எடு. என்ன எழுதியிருக்கு? ...பாஸ்பேட்டு. நீ அத நம்பித்தானே எடுத்த? அழாத மக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு. எழுத்து எப்பிடி இருக்கு?

...ம். சாஞ்சுதான் இருக்கும்.