தையலறை ஸ்பீக்கர்

இப்போது வருகிற டிவிகளில், ஸ்பீக்கர் மாட்டுவதற்கான பழைய சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருப்பதில்லை. வாங்கிச் சுவரில் மாட்டிய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்கிறீர்கள், சார். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் அண்ணன் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்தவர். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் 'சவுண்டு'. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்த பிறகு மாடி அறையில் கட்டிலோடு கிடந்தார். அண்ணி உயிரோடு இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கீழே முன்னறையில் துணி தைக்கிறேன். ஆகவே அவரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை.

சளி தொண்டையை அடைத்தால் அவரால் தானாகப் புரள முடியாது. ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்ட வேண்டும். அதற்காகத்தான் கட்டிலுக்கு எதிரே கேமரா வைத்து, படமும் சத்தமும் தையலறை டிவிக்கு வரும்படி செய்தோம். ஆனால் மெஷின் ஓடும்போது டிவியின் சத்தம் எடுபடவில்லை.

"என் ஸ்பீக்கர் ரெண்டும் சும்மாதானே கெடக்கு, அதை மாட்டு" என்றார். நேராகக் கரண்டில் ஓடும் கனத்த ஜோடி அது. மாட்டப் போனபோதுதான் துளை இல்லாதது தெரிந்தது. மாடியிலிருந்து போனில் வழி சொன்னார்.

"டிவி பின்னாடி சின்னக் கதவு மாதிரி ஒண்ணு இருக்கா பாப்பா? உள்ளே சிவப்பா வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது அண்ணா. அதுல நேரா ஸ்பீக்கர் ஒயரைச் சொருகிடவா?"

"அது ஆகாது. டிவி எல்லாத்தையும் எண்ணா மாத்தி வெளிச்சத்துல அனுப்புது. இந்த ஸ்பீக்கருக்கு எண்ணெல்லாம் புரியாது. நடுவுல மாத்திக் கொடுக்க ஒரு பெட்டி வேணும்."

உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி ஒன்றும் ஒளிக் கேபிளும் வாங்கிவந்தேன். கேபிளின் முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் திணித்துக்கொண்டிருந்தேன். சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "கடைசியா டிவி செட்டிங்ல சத்தத்தை பிசிஎம்னு வை. ஆட்டோல விட்டா பெட்டிக்கு ஒண்ணும் புரியாது. விளக்கெல்லாம் எரியும், சத்தம் மட்டும் வராது" என்றார்.

வைத்தேன். அவருடைய மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

அதிலிருந்து என் காது எனக்குச் சொந்தமில்லை. தலையணை சரிந்துவிட்டது, திரைச்சீலையை இழு, காலில் ஈ. கெட்ட மனுஷர் இல்லை, சார். ஒவ்வொரு தடவையும் "தொந்தரவு பண்றேன்ல" என்பார். இல்லை என்று சொல்வதும் என் வேலையில் சேர்ந்துகொண்டது.

தம்பிக்குப் போன் செய்தேன். ஏதாவது இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "உன்னை மாதிரி யாரு அக்கா பார்த்துப்பாங்க?" என்று வைத்துவிட்டான். அண்ணனிடமே கேட்டேன். நான் கீழே இறங்கி வந்த பிறகு அழுதார். அழுகையும் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

அன்றுதான் முதல் தடவையாக செட்டிங்கை ஆட்டோவுக்கு மாற்றினேன். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிக்கும் நேரம், அவ்வளவுதான். பிறகு அது பழகிவிட்டது. மேலே போனால், "கூப்பிட்டேனே, கேக்கலையா?" என்பார். கேட்கவில்லை என்பேன். அது பொய்யில்லை. "பெட்டி சூடாகியிருக்கும், ஒரு தடவை கழட்டி மாட்டு" என்பார். அவருக்குப் பெட்டிமேல்தான் சந்தேகம். என்மேல் வரவே இல்லை.

அந்த முற்பகலும் அப்படித்தான் மாற்றி வைத்திருந்தேன். பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டிவியில் அவர் வாய் திறந்திருந்தது. வலது கை கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் பார்க்கும்போது ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர் கேமராவையே பார்த்தார். ரிமோட் என் மடியில் இருந்தது. மாடிக்குப் போக அதிக நேரம் ஆகாது என்பதும் தெரியும். எழுந்திருக்க முடியவில்லை, சார். உடம்பு சோர்ந்திருந்தது என்று சொல்லமாட்டேன். உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது.

கை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு மறுபடியும் பிசிஎம்முக்கு மாற்றினேன். ஸ்பீக்கரில் மின்விசிறி மட்டும் கேட்டது. அப்புறம்தான் மேலே போனேன். நீங்கள் விசாரணைக்கு வந்து கேபிளை இழுத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது அதனால்தான். நானாகச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒன்றை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் குரல் காதில் விழுந்து நான் போகாமல் இருந்த நாளே கிடையாது. அன்று எனக்கு எதுவும் கேட்கவில்லை.