என்னிடம் இருந்த ஆறு வார்த்தைகள்

என் தங்கச்சிக்குப் பொறுமை என்பதே கிடையாது, ஐயா. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். பேருந்து நிற்பதற்குள் படியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். சின்ன வயதில் அவளை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவேன். அவள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும் நான் அதை விடவில்லை. என் மேல் புகார் கொடுத்திருப்பது அந்த மகள்தான். என் மருமகள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

நான் வரி ஆலோசகர். இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை, ஒருவருக்குக்கூட அபராதம் வந்ததில்லை. கடைத்தெருவில், மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அதே கட்டடத்தில் கீழே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் தங்கச்சிக்கு வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவாள். தினமும் பதினோரு மணிக்கு இரண்டு டீயோடு படியேறி வருவாள். "சீக்கிரம் குடிண்ணா, ஆறிடும்" என்பாள். ஆறினால் என்ன, குடி முழுகிவிடுமா என்று நான் கேட்பேன். பதினான்கு வருடமாக இதே பேச்சுதான்.

அவள் புருஷன் விபத்தில் போனபோது காப்பீட்டுப் பணம் வந்தது. என்ன செய்யலாம் என்று என்னிடம்தான் கேட்டாள். "அஞ்சுல ஒரு பங்கு மட்டும் கிரிப்டோல போடு. மொத்தமா போனாலும் உனக்குத் தூக்கம் வரணும், அதுதான் அளவு" என்றேன். மீதி வீட்டுக்கும் மகள் படிப்புக்கும் போய்ச் சேர்ந்தது. நான்கு வருடத்தில் அந்த ஒரு பங்கு மற்ற நான்கையும் தாண்டி வளர்ந்தது. அது வெறும் அதிர்ஷ்டம். ஆனால் அவள் எல்லாம் அண்ணன் மூளை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

கிரிப்டோ வாலட்டுக்குச் சாவியாகப் பன்னிரண்டு வார்த்தைகள் உண்டு, ஐயா. சாதாரண வார்த்தைகள்தான். வரிசை மாறாமல் அவற்றைக் கொடுத்தால் யாரும் பணத்தை எடுக்கலாம். ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் எடுக்க முடியாது. முதல் ஆறு அவளிடம், அடுத்த ஆறு என்னிடம் என்று நான்தான் பிரித்தேன். திருடனுக்காக மட்டுமல்ல. விலை கொஞ்சம் இறங்கினால் அவள் பதறிப்போய் விற்றுவிடுவாள். "அப்போ எனக்கு ஏதாவது வேணும்னா உனக்கு மனு போடணுமா?" என்று சிரித்தாள். ஆமாம், மூணு நகல் என்றேன்.

போன வருடம் ஒரு தவறு செய்தேன். அவள் வைத்திருந்த கிரிப்டோ நாணயம் ஆட்டம் காணும் என்று தோன்றியதால், அதைக் கொடுத்து வேறொரு திடமான நாணயத்துக்கு மாற்றச் செய்தேன். காசாக எதுவும் கைக்கு வரவில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது விற்பனை. லாபத்துக்கு முழு வரி விழுந்தது. அதோடு, ஒரு வருடம் வைத்திருந்து விற்றால் வரியில்லை என்ற சலுகையும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தது. முந்தைய மாதம்தான் அந்த விதியை ஒரு வாடிக்கையாளருக்கு நானே விளக்கியிருந்தேன். சொந்தத் தங்கச்சி விஷயத்தில் மறந்துவிட்டேன். அவள் கழுத்துச் சங்கிலி வரை இருந்த நகையெல்லாம் விற்று வரியைக் கட்டினாள். "என்னண்ணா, உனக்கே தெரியலையா?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தரை மாதம் கழித்து அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய வால்வு பழுது, அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். முன்பணம் கட்டினால்தான் தேதி கொடுப்பார்கள். அவளிடம் கிரிப்டோவைத் தவிர வேறு பணமில்லை. அன்றைக்கு, ஒரு வருடம் முடிய நாற்பத்தொரு நாள் இருந்தது. அதற்குள் விற்றால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வரி. அதன்பின் விற்றால் ஒன்றுமே இல்லை.

டாக்டரிடம் நான் தனியாகப் பேசினேன். எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று கேட்டேன். "நாள் கணக்கெல்லாம் சொல்ல முடியாதுங்க. நிறைய பேர் மாசக்கணக்கா தாங்குறாங்க, சில பேர் தாங்குறதில்ல. சீக்கிரம் பண்ணுங்க" என்றார். நிறைய பேர் என்ற வார்த்தையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து, டாக்டர் அவசரமில்லை என்று சொன்னதாகத் தங்கச்சியிடம் சொன்னேன்.

அவள் என் ஆறு வார்த்தைகளைக் கேட்டாள். வங்கி லாக்கரில் இருக்கிறது, கிளையில் மராமத்து நடக்கிறது, திறக்க விடமாட்டார்கள் என்றேன். நம்பிவிட்டாள். நான் சொன்ன எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை. லாக்கரே என்னிடம் கிடையாது. அந்த ஆறும் எனக்கு மனப்பாடம். காலையில் சவரம் செய்யும்போது மறக்காமலிருக்க ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அவளால் படியேற முடியவில்லை. டீயோடு கீழே நின்று கூப்பிடுவாள், நான் இறங்கிப் போவேன். இருபத்தொன்பதாம் நாள், அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் மருத்துவமனையில் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருந்தவள், போன் செய்தாள். "ஆறு வார்த்தைதானேண்ணா. ஞாபகப்படுத்திப் பாரேன். ஒண்ணாவது வருதா?" என்றாள். வரவில்லை என்றேன். பிறகு பதினொரு நிமிடம் பேசினோம். மகளுடைய பரீட்சை, கடையில் புதிதாக வந்த ஃபிரேம்கள், யாரோ கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடி வந்த கதை. அவள் சிரித்தால் மூச்சு வாங்கியது. நான் சிரிக்க வைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுநாளே கடைக்கு வந்துவிட்டாள். முப்பத்துமூன்றாம் நாள், பதினோரு மணிக்கு அவள் குரல் வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிப் போனேன். தேய்க்கும் மேசையிலேயே சாய்ந்து கிடந்தாள். கையில் யாரோ ஒரு குழந்தையின் கண்ணாடி. கடை முதலாளி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கடையின் பின்பக்க அடுப்பில் டீ சுண்டிப்போயிருந்தது. அவளை நான் அவசரக்குடுக்கை என்று கூப்பிட்டேன், ஐயா. எல்லோர் முன்னாலும், திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

உன் பணத்தையாவது கொடுத்திருக்கலாமே என்று என் மருமகள் கேட்டாள். கொடுத்திருக்கலாம். என் வைப்புத்தொகை மூன்று அறுவை சிகிச்சைக்குப் போதும். முதிர்வுக்கு முன்னால் எடுத்தால் வட்டியில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள் என்று எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அந்த ஆறு வார்த்தைகளை அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவள் மறுபடி முழு வரி கட்ட நேர்ந்தால், அது என் தவறால்தான். இன்னொரு தடவை "உனக்கே தெரியலையா?" என்று அவள் கேட்பதை என்னால் தாங்க முடியாது. அதற்காகத்தான் என் தங்கச்சியை நாற்பத்தொரு நாள் காக்க வைக்கப் பார்த்தேன். அவள் சாகலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது பதினோரு மணியானால் நான் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது.

என் மருமகளிடம் அவள் அம்மாவின் ஆறு வார்த்தைகள் இருக்கின்றன. மீதி ஆறைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அது அந்தப் பிள்ளையின் பணம், அதில் ஒரு காசு எனக்கு வேண்டாம். விலைகூட இந்த மாதம் ஏறித்தான் இருக்கிறது. ஆறையும் சொல்லிவிடுகிறேன், ஐயா. வருகிற வியாழக்கிழமை வரை மட்டும் அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வருடம் முடிய இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.