பிரிட்ஜுக்கு அடியில் மெழுகு

கோப்பியில் சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கமலவேணி. தனிக்கட்டைக்கு அளவு பிடிபடாது. உன் தம்பி தேவதாஸ் மட்டும்தான் குறை சொல்லாமல் குடிப்பான். கிட்டார் கம்பிகளைத் தாங்கும் அந்தப் பிரிட்ஜை நீ கைக்குட்டையிலிருந்து எடுத்து வைத்தபோதே எதற்கு வந்தாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திருகாணியில் ஒட்டியிருப்பது என்ன என்றுதானே கேட்கிறாய்? மெழுகு. உட்கார், முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தக் காஜா பெராங் பட்டறையில் பதினெட்டு வருடமாக ஆர்மோனியம், வயலின், கால் ஆடும் நாற்காலி எல்லாம் சரிசெய்கிறேன். சுதந்திரத்துக்கு ஊரே கொடி பிடித்து நடந்த வாரத்தில்தான் என் சம்சாரம் அலமேலு செத்துப்போனாள். அதற்குப் பிறகு இங்கே வருகிறவர்கள் கொண்டுவந்த சாமானைப் பார்ப்பார்களே தவிர, தெய்வநாயகம் என்று ஒருவன் இருக்கிறானா என்று பார்த்ததில்லை. ஒரு தடவை சோறு வடித்தால் இரண்டு நாளைக்கு வரும். பேசாமல் பேசாமல் என் குரலே எனக்கு அந்நியமாகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை உன் தம்பி வந்தான். தெரண்டாக் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் வாங்கிய பழைய பேஸ் கிட்டார் கையில் இருந்தது. கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஆட்டம்.

"அண்ணே, கழுத்து ரொசாக்லா, கெட்டுப்போச்சு. கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றான். பிறகு, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றும் கேட்டான். ஐந்து வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

அந்த இடைவெளியில் மெல்லிய தேக்குச் சீவல் வைத்து இறுக்க வேண்டும். வைத்தால் ஆயுசுக்கும் அசையாது. நான் சிகரெட் பெட்டி அட்டையை மடித்து வைத்தேன். நம் ஊர் ஈரத்துக்கு அட்டை பத்து நாளில் அமுங்கிவிடும், கம்பி கரகரக்கும். அடுத்த வியாழனோ அதற்கடுத்த வியாழனோ அவன் வந்து நிற்பான். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. மீன் குழம்பு வைத்தால் அவனுக்கும் சேர்த்தே வைத்தேன். கூலி என்று ஒரு காசு வாங்கியதில்லை, ஆகவே ஏமாற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

போன மார்ச்சில் அவனைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேடைக் கச்சேரி, வாசிப்புப் பிடித்துவிட்டால் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வார்கள். எவ்வளவு ஆசைப்பட்டான் என்று உனக்கே தெரியும். பிரிட்ஜைப் பிடிக்கும் ஐந்து திருகாணியில் மூன்றுக்கு ஓட்டை தேய்ந்திருந்தது.

"இந்த ஒரு தடவை பலமா செஞ்சிடுங்கண்ணே. அப்புறம் உங்களுக்குத் தொந்தரவே இல்ல," என்றான்.

தொந்தரவாம்.

ஓட்டையில் கட்டை அடித்து, பசை காய்ந்ததும் புதிதாகத் துளை போட்டு, கம்பி முறுக்கி மூன்று நாள் என் சுவரில் தொங்கவிட்டுத்தான் எதையும் கொடுப்பேன். ஊருக்கே தெரிந்த கறார் அது. அன்றைக்கு மட்டும் சாயங்காலமே கொடுத்துவிட்டேன். அவனுக்காக வழக்கத்தை விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்று ஓட்டையிலும் மரத்தூளையும் மெழுகையும் பிசைந்து அடைத்து, மேலே தேயிலைச் சாயம் தடவியிருந்தேன். நிழலில் நிற்கும், மேடை விளக்குச் சூட்டில் இளகும். முதல் பாட்டிலேயே பிரிட்ஜ் கழன்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். திரும்பி வந்தால் வியாழக்கிழமை இங்கேதானே வருவான்.

நீ கேட்க வந்தது இவ்வளவுதான். ஆனால் கேட்காத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் வைத்து அவனிடம், "மேடையில கரகரன்னு சத்தம் வந்தா, முகத்தைப் பிரிட்ஜ்கிட்ட கொண்டுபோய்ப் பாரு. தடிக் கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கு," என்றேன். கழன்ற பிரிட்ஜ் எந்தப் பக்கம் பாயும் என்று எனக்குத் தெரியும், என் மோவாயில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். வெறுங்கையோடு திரும்பி வருகிறவன் மறுபடியும் போய்விடலாமே என்று அந்த வாசலில்தான் எனக்குத் தோன்றியது. நான் சொன்னதை அவன் எப்போதும் செய்வான். பிரிட்ஜ் முகத்தில் பாய்ந்து ஒரு கண் அன்றைக்கே போயிற்று, அந்தக் காயத்தின் கேடு பரவிய இன்னொன்று ஒரு மாதம்தான் தாங்கியது.

நீயும் பார்க்கிறாயே, நீ வேலைக்குப் போகும் வழியில் கைபிடித்துக் கொண்டுவந்து விட்டால், அந்த நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறான். முள் எடுத்து மீனை நானே ஊட்டுகிறேன். கிட்டாருக்கு இப்போது வேறு பிரிட்ஜ் போட்டு, தேக்குச் சீவலும் வைத்துவிட்டேன், துளிக் கரகரப்பு இல்லை. அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

போலீசுக்குப் போவதானால் போய்க்கொள், தடுக்க மாட்டேன். ஆனால் நாளைக்கும் அவனை இங்கே கொண்டுவந்து விடு, வீட்டில் ஒண்டியாக விட்டுவிடாதே. தனியாக இருப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்குத் தெரியாது, கமலவேணி.