மாடி அறைக்கு வேகம்

நெட் மெதுவாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் ரவுட்டரை இரும்பு பீரோவின் மேல் வைத்திருப்பார்கள். பக்கத்தில் சாமி படம், அதற்கு ஒரு சீரியல் பல்பு. ரவுட்டரைக் கீழே இறக்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். இதை எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த மாதம் போனால் அது மறுபடி பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் தணிகைவேல். உத்திரமேரூரைச் சுற்றி ஏழு ஊருக்கு டேனியல் அண்ணன் நடத்தும் கேபிள் நெட்டில் பதினோரு வருடமாக லைன்மேன் வேலை. என் வேலையில் குறை சொன்னவர் யாரும் கிடையாது. அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஊரடங்கு சமயத்தில் டேனியல் அண்ணன் தன் ஆபீசில் ஒரு ஹப் போட்டார். எங்கள் லைனில் இருப்பவர்கள் ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் நேராகப் படம், பாட்டு எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். ஃபைல் வெளியூர் போய் வர வேண்டியதில்லை, பக்கத்து வீட்டிலிருந்தே வந்துவிடும். விதி ஒன்றுதான். எடுக்கிறவன் கொடுக்கவும் வேண்டும். குறைந்தது இருபது ஜிபியாவது நீ திறந்து வைத்தால்தான் உள்ளே விடும். நிறையக் கொடுக்கிறவனுக்கு நிறைய வழி திறக்கும், வேகம் கூடும். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் அப்படி ஒரு நியாயத்தை நான் பார்த்ததில்லை.

வேகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊரே என்னைத்தான் கேட்டது. வைஃபையை நம்பாதே, வயர் போடு என்பேன். ஒரே ஆளிடம் தொங்காமல் அதே ஃபைலை நாலு பேரிடமிருந்து எடு. நீ அனுப்புகிற வழியை முழுக்க அடைத்துவிடாதே, கொஞ்சம் மிச்சம் வை, இல்லாவிட்டால் உனக்கு வருவதும் நின்றுவிடும். ஹப்பில் என் பெயர் 'வேகவேல்'. எழுபது வீட்டில் எனக்குத்தான் அதிக வேகம். ஒரு முழுப் படம் நான் பல் விளக்கி முடிப்பதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

அகிலா என் மனைவி. கூரத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போய் மாலையில் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் குழம்புக் கரண்டியோடு ஆட ஆரம்பித்துவிட்டாள். நன்றாகவே ஆடினாள். நான் போனில் எடுத்தேன். நாற்பது விநாடி இருக்கும். கடைசியில் பார்த்துவிட்டுக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"அழி அத. இப்பவே அழி."

"அழிச்சிட்டேன், போ."

அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் அழிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அந்த வீடியோ ஊருக்குள் சுற்றியது. யாரோ அதற்கு 'லைன்மேன் அகிலா டான்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஆபாசம் ஒன்றும் இல்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் அவள் போய் நின்றால் எவனாவது அந்தப் பாட்டை முணுமுணுப்பான். பஸ்ஸுக்குள் பின் சீட்டிலிருந்து கேட்கும். ரேஷன் கடையில் ஒருத்தன் கரண்டியைப் பிடிப்பதுபோலக் கையை வைத்துக் காட்டினானாம். சிரித்தவர்கள் எல்லாரும் நான் லைன் இழுத்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள். அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு வாசலுக்கு வருவதையும் நிறுத்தினாள்.

அதை முதலில் என்னிடம் சொன்னவன் தமிழரசன். மூன்றாவது தெரு, அதே ஒரகடத்தில் வேறு கம்பெனி. எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். ஒரு நாள் சாயங்காலம் காதும் காதும் வைத்த மாதிரி என்னை மோட்டார் கொட்டகைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காத. அண்ணி ஆடுற வீடியோ ஒண்ணு ஹப்புல சுத்திக்கினு கீது."

"நீ பாத்தியா?"

"பேரத்தான் பாத்தேன். தொறக்கலண்ணே. அம்மா மேல சத்தியமா."

இன்னும் ஏதோ சொன்னான். அது இங்கே தேவையில்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான். ஹப்பில் எழுபது வீடு இருக்க, இவனுக்கு மட்டும் எப்படி முதலில் தெரிந்தது? முதலில் தெரிந்தவன் கையில்தானே முதலில் இருந்திருக்க வேண்டும். பெயரைத்தான் பார்த்தேன் என்று வாய் கூசாமல் சொல்கிறான். அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது.

அகிலாவும் கேட்டாள். "உன் போன்லதான இருந்துச்சி? அழிச்சிட்டேன்னு சொன்னியே. வெளிய எப்பிடிப் போச்சி?"

"தமிழரசன் அன்னிக்கி நம்ம வூட்டுக்கு வந்தப்போ போன நோண்டிக்கினு இருந்தான். அவன் வேலதான்."

"அவரா?" என்றாள்.

தமிழரசன் மனைவி சுலோச்சனா தினமும் மதியம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு வருவாள், அகிலாவுக்குத் தலை வாரிவிடுவாள். "இந்தப் பேமானிங்களுக்குப் பயந்துக்கினு நீ ஏன் உள்ள குந்திக்கினு கீற? வா, நான் கூட வர்றேன், ரேஷனுக்குப் போலாம்" என்பாள். ஊரில் அந்த வாசற்படி ஏறிய ஒரே பெண் அவள்தான். நான் தமிழரசன் பெயரைச் சொன்ன மறுநாள் அகிலா அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. சுலோச்சனா டிபன் டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளும் வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் அகிலாவை ஏரிக்குப் பக்கத்து வயல் கிணற்றிலிருந்து எடுத்தோம்.

என் நெஞ்சில் அன்றைக்கு மூண்டது இன்றுவரை தணியவில்லை. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. ஆனால் அவசரப்படவும் இல்லை. கோபத்தில் கம்பம் ஏறுகிறவன் விழுந்து சாவான், அது எங்கள் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது.

ஐப்பசி வரை காத்திருந்தேன். பிறகு டேனியல் அண்ணன் ஆபீசில் உட்கார்ந்து தமிழரசன் வீட்டு லைனை மட்டும் இறுக்கிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, முதல் நாளில் பாதி, மறுநாள் கால். ஒரு படம் எடுக்க மூன்று நாள் ஆகும் நிலைக்கு வந்ததும் அவர்களே கூப்பிடுவார்கள் என்று தெரியும். கூப்பிட்டது சுலோச்சனா.

"அண்ணா, எப்பிடிக் கீற? சாப்புட்டியா?" அதைக் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "மாடி ரூம்ல அவரு படம் எறக்குறாரு, சுத்திக்கினே கீது. பேஜாராக் கீதுண்ணா. ஒரு தபா வந்து பாரேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனேன். தமிழரசன் வேலைக்குப் போயிருந்தான். ரவுட்டர் கீழே ஹாலில், பீரோவின் மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாடி அறைக்குத் தனியாக வயர் இழுக்க வேண்டும் என்றேன். இழுத்துக்கோண்ணா என்றாள். காபி கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது, எனக்கு அப்படித்தான் பிடிக்கும், அது அவளுக்கு நினைவிருந்தது. நான் வேலை செய்யும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு அகிலாவைப் பற்றிப் பேசினாள்.

"கடைசியா கதவத் தொறக்கலண்ணா. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல. அதான் இன்னும் மனசுல கெடந்து அறுக்குது."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். அது உண்மைதான்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். வயர், ரவுட்டர் இடம் மாற்றம், ஹப்பில் அவன் திறந்து வைத்திருந்த வழிகளின் எண்ணிக்கை, எல்லாவற்றையும் சரி செய்தேன். ஆபீசில் இறுக்கியதையும் தளர்த்திவிட்டேன். மூன்று நாள் இழுத்துக்கொண்டிருந்த படம் மூன்று நிமிடத்தில் வந்தது. சுலோச்சனா அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி கை தட்டினாள். வேலை என்று வந்துவிட்டால் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

கேபிளைத் தாங்குவதற்கு ஒரு கம்பி கூடவே போகும். மொட்டை மாடியில் அது எதை எதைத் தொட்டுக்கொண்டு போனது, அதில் கரண்ட் எங்கே ஏறியது என்று உங்கள் ஆட்கள் படம் வரைந்திருக்கிறார்கள். பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. துணி காயப்போடும் கம்பியோடு அது சேரும் இடத்தில் மட்டும் தற்செயல் என்று கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடலாம்.

நீங்கள் இதுவரை விசாரித்ததெல்லாம், நான் தமிழரசனைக் கொல்லப் போய் அது தவறி அவன் மனைவிமேல் விழுந்துவிட்டது என்ற நினைப்பில்தான். உங்கள் கேள்விகளிலேயே அது தெரிந்தது. அப்படி இல்லை. தமிழரசன் அந்த வீட்டு மொட்டை மாடிக்குப் போகவே மாட்டான். காலை ஐந்தேமுக்காலுக்குப் பஸ் ஏறினால் மாலை நாலு மணிக்குத்தான் திரும்புவான். துணி காயப்போடுவது சுலோச்சனா. ஒன்பது மணிக்கு, குளித்துவிட்டு, வெறுங்காலோடு. இதெல்லாம் தெரியாமலா பதினோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினேன்? அவனைக் கொன்றால் அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு வீட்டில் என்ன இல்லையோ அது அவன் வீட்டிலும் இருக்கக்கூடாது. எடுத்த அளவுக்குக் கொடுக்க வேண்டும். ஹப்பின் விதியும் அதுதான்.

இரண்டு நாள் பொறுத்து, நான் காத்திருந்த மழை பெய்தது. மறுநாள் காலை வெயில் அடித்தது. அடுத்த தெருக் கம்பத்தில் ஒரு புகார் இருந்தது, ஏறினேன். அங்கிருந்து அவர்கள் மாடி நன்றாகத் தெரியும். வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். முதலில் எடுத்தது தமிழரசனின் நீலநிறக் கம்பெனிச் சட்டை. அதை இரண்டு தடவை உதறினாள். நான் முழுவதும் பார்த்தேன். பிறகு அந்தப் புகாரை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன், அந்த வீட்டில் டிவி தெரியாமல் ஒரு கிழவர் காத்துக்கொண்டிருந்தார்.

இதுதான் நடந்தது. சுலோச்சனாவைக் கொன்றது நான். யாரும் தூண்டவில்லை, குடிக்கவில்லை, புத்தி தடுமாறவில்லை. இதுவரை உள்ள ஐந்து தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆறாவதாக ஒரு தாள் வைத்திருக்கிறீர்கள். என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததாம். அந்த வீடியோ முதலில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற விவரம். கொடுத்தவர் இடத்தில் 'வேகவேல்' என்று இருக்கிறது. எடுத்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழில் தமிழரசன் இல்லை.

இதற்கும் விளக்கம் இருக்கிறது. ஹப்பில் அதிக வேகம் வேண்டுமென்றால் நிறையத் திறந்து வைக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். என்னிடம் இருந்த படங்கள் மட்டும் போதவில்லை. ஒவ்வொரு ஃபோல்டராகத் தேர்ந்தெடுக்க நேரமில்லாமல் டி டிரைவ் முழுவதற்கும் ஒரே டிக்காகப் போட்டேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். என் போனில் எடுப்பதெல்லாம் அந்த டிரைவில்தான் போய் விழும். ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்து எடுத்தவன்மேல்தான் வழக்குப் போடுவீர்கள், கதவின்மேல் போடமாட்டீர்கள்.

மோட்டார் கொட்டகையில் தமிழரசன் சொன்னதில் ஒன்றை நான் மேலே எழுதாமல் விட்டேன். நீங்கள் அவனையும் விசாரித்திருப்பீர்கள், அவன் சொல்லியிருப்பான், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

"பேருதான் வேறயாக் கீது, சைஸு அச்சு அசலா ஒண்ணு. அதே ஃபைலு உன் லிஸ்ட்டுலயும் கீதுண்ணே. உனக்குத் தெரியாம டிக் வுயுந்திருக்கும். மொதல்ல அத எடுத்துடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அண்ணிகிட்டகூட."

அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். அகிலா அடுப்படியில் இருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஸ்பீடு கம்மியாக இருக்கிறது, சரி செய்கிறேன் என்றேன். அதன் பிறகுதான் வெளியே எப்படிப் போனது என்று கேட்டாள், நானும் தமிழரசன் பெயரைச் சொன்னேன்.

சுலோச்சனா விஷயத்தில் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மேல்முறையீடு கூடச் செய்யமாட்டேன். ஆனால் ஆறாவது தாளைத் திருப்பித் தந்திருக்கிறேன். அதில் மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன். அகிலாவுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை.